பம்பரம் என்று சொன்ன தம்பிக்கு

நடுவர் அவர்களுக்கு வணக்கம், அவைக்கு வணக்கம், பின்வரிசையில் முறுக்குப் பொட்டலம் பிரிக்கிறவர்களுக்குத் தனி வணக்கம். பிள்ளைகள் மனதில் நின்றது சின்னத்திரை சூப்பர் ஹீரோவா, பெரிய திரை தேசபக்தி நாயகனா என்பது தலைப்பு. நான் சின்னத்திரை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

எதிரணித் தம்பி இறங்கிப் போகும்போது ஒரு வார்த்தை விட்டார். "வாஞ்சி பிறந்த செங்கோட்டையில் நின்றுகொண்டு ஒரு பம்பரத்துக்கு வக்காலத்தா" என்று. நீங்களும் கை தட்டினீர்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் பம்பரம் என்றது சக்திமானை, பம்பரமாகச் சுற்றிப் பறக்கிற ஹிந்தி டிவி சூப்பர் ஹீரோவை. 1997-ல் தூர்தர்ஷனில் சுற்ற ஆரம்பித்து 2005 வரைக்கும் சுற்றிய மனுஷனை.

தம்பி, எங்க ஆள் தானாகச் சுற்றினார். உங்க ஆள் சும்மா நிற்கிறார், கேமரா அவரைச் சுற்றுகிறது, காற்றாடி வைத்து முடியைப் பறக்க விடுகிறார்கள், ஒரு ஆள் நிற்பதற்கு இருபது பேர் சுற்ற வேண்டியிருக்கிறது. எங்க ஆள் பறப்பதற்குச் சிரித்தீர்களே, 2001-ல் 'நரசிம்மா'வில் கேப்டன் விஜயகாந்துக்கு ஷாக் வைக்கப் போய் கரண்டுக்கே ஷாக் அடித்ததே, அது எந்தப் பாடப்புத்தகத்து அறிவியல்? எங்க ஆளாவது நெஞ்சில் தங்கச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு 'எனக்குச் சக்தி உண்டு' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். உங்க ஆளுக்கும் அதே சக்திதான், சட்டை மட்டும் காக்கி. (கேப்டனைக் கிண்டல் செய்யவில்லை. 2023 டிசம்பரில் அவர் போன அன்றைக்கு எங்க அம்மா மீன் வாங்கவில்லை, அந்த வீட்டுப் பிள்ளை நான்.)

அப்புறம் வாஞ்சி. அவர் பெயரை நீங்கள் இழுத்ததால் சொல்கிறேன். 1911 ஜூன் 17, மணியாச்சி ஸ்டேஷன், நின்றிருந்த ரயிலில் கலெக்டர் ஆஷ். சுட்டார், கொஞ்ச நேரத்தில் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஸ்லோமோஷன் இல்லை, சுடுவதற்கு முன்னால் மூன்று பக்க வசனம் இல்லை. இருபத்தைந்து வயது. இன்னொன்று, அவர் வேலை பார்த்தது திருவிதாங்கூர் வனத்துறையில். இந்த ஊரே 1956 வரைக்கும் திருவிதாங்கூர்தான். வாஞ்சியை உங்கள் பக்கம் உட்கார வைக்க வேண்டாம், அவர் எந்த அணியிலும் இல்லை.

'அமரன்' படத்தையும் சொன்னீர்கள். மேஜர் முகுந்த் வரதராஜன் வாழ்ந்த மனிதர், அதில் எனக்கு வழக்கே கிடையாது. அந்த ஒரு படத்தை உங்களுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எங்க ஊர் புளியரைக்கு வாருங்கள். நான் அப்போது ஐந்தாவது. எங்கள் தெருவில் டிவி இருந்தது பட்டாளத்துத் தாத்தா வீட்டில். ஞாயிறு மத்தியானம் சக்திமான், அதுவும் ஹிந்தியில். எங்களுக்கு ஹிந்தி தெரியாது, தாத்தாவுக்குத் தெரியும், ராணுவத்தில் இருந்தவர். நாங்கள் தரையில், அவர் சாய்வு நாற்காலியில், ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழ் அவர் சொல்வார். வில்லன் கில்விஷ் வந்து 'அந்தேரா காயம் ரஹே' என்று கத்துவான். இருட்டு நிலைக்கட்டும் என்று அர்த்தமாம், எனக்கு அது பிற்பாடுதான் தெரியும். தாத்தா சொன்ன தமிழ், "கரண்டு போகப் போகுதுங்கான்." சொல்லி வாய் மூடவில்லை, கரண்டு போய்விட்டது. அதிலிருந்து ரெண்டு வருஷம் எங்கள் தெருவில் எப்போது கரண்டு போனாலும் "கில்விஷ் பிடுங்கிட்டான்" என்றுதான் சொல்வோம்.

நிகழ்ச்சி முடியும்போது ஒரு பகுதி வரும். ஏதாவது ஒரு பையன் தப்பு செய்வான், சக்திமான் புத்தி சொல்வார், பையன் "சாரி சக்திமான்" என்பான். ஒரு வாரம் தாத்தா தமிழ் சொல்கிறார்: "மூலைக் கடையில ஆரஞ்சு மிட்டாய் ரெண்டு எடுத்துட்டு ஒண்ணுக்குத்தான் காசு குடுத்தியாம், அது எனக்குத் தெரியும்ல அப்படிங்காரு." எனக்கு வேர்த்துவிட்டது. ஏனென்றால் எடுத்தது நான். பின்வரிசைக்குக் கேட்டதா? திரும்பவும் சொல்கிறேன். பம்பாயில் எடுத்த நிகழ்ச்சி, டெல்லியிலிருந்து வருகிறது, அதில் சக்திமான் புளியரை மூலைக் கடையைச் சொல்கிறார், மிட்டாய்க் கணக்கைச் சொல்கிறார்!

திங்கட்கிழமை காலை கடைக்குப் போய் நாலணாவை வைத்தேன். "எதுக்குல?" "சக்திமான் குடுக்கச் சொன்னாரு." கடைக்காரர் காசைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் காசோடு போனார்கள். அதற்கடுத்த வாரம் கடைக்காரரே தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். "அண்ணாச்சி, பெரியாளுங்க பாக்கி நோட்டு ஒண்ணு இருக்கு, அதையும் சக்திமான்கிட்ட கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க."

பின்னால் தமிழில் பேசும் சக்திமானைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தாத்தா சொன்னதில் ஒரு வரி கூட அதில் இல்லை. எல்லாம் அவராகக் கட்டிவிட்டது.

அந்தத் தாத்தாவை ஒருதரம் தென்காசிக்குக் கூட்டிப்போனோம், தேசபக்திப் படம், கார்கில் நேரம், தியேட்டரே எழுந்து நின்று விசில் அடிக்கிறது. ஹீரோ விடாமல் சுடுகிறார். தாத்தா என் காதில் கேட்டார், "இந்தக் காலித் தோட்டாவையெல்லாம் எவன் பொறுக்கிக் கணக்கு குடுப்பான்? எங்களுக்குச் சுட்டுப் பழகயில ஒண்ணு குறைஞ்சாலும் புல்லுக்குள்ள தேட விட்டுருவான்." இடைவேளையில் கடலை வாங்கியவர் உள்ளே திரும்பி வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டையில் அவர் இருந்தார். கேட்டால், "லாரி ஓட்டினேன்" என்பார், அவ்வளவுதான். அவரோடு இருந்த ஆரியங்காவுக்காரர் ஒருவர் திரும்பவில்லை. அவருடைய அம்மாவைப் பார்க்க வருஷா வருஷம் டிசம்பரில் தாத்தா போவார். ஒரு வருஷம் என்னையும் கூட்டிப்போனார், பகவதிபுரம் தாண்டி குகைக்குள் நுழைகிற பழைய மீட்டர்கேஜ் ரயிலில். அந்தப் பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி மலையாளத்தில் கேட்டார், என் மகன் கடைசியாக என்ன சொன்னான் என்று. தாத்தா சொன்னார், உங்கள் மீன் கறியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான், ஊருக்குப் போனதும் முதலில் அதுதான் வேண்டும் என்றான். பாட்டி சிரித்தார். போன வருஷம் சக்கைப் பழத்தை, நம்ம பலாப்பழத்தைப் பற்றி அல்லவா சொன்னாய் என்று கேட்டார். தாத்தா சளைக்கவில்லை. அதையும் சொன்னான் அம்மா, என்றார்.

திரும்பி வருகிற ரயிலில் கேட்டேன், "நிஜமாவே அப்படியா தாத்தா சொன்னாங்க?"

குகை வந்துவிட்டது. பெட்டியில் விளக்கு இல்லை. இருட்டுக்குள் அவர் குரல் மட்டும் வந்தது. "அவன் வேற வண்டியில இருந்தாம்ல."

எதிரணித் தம்பி, இதற்குப் பதில் சொல்ல வேண்டாம், நான் உங்களைக் கேட்கவும் இல்லை. தலைப்பை விட்டு எங்கேயோ வந்துவிட்டேன் என்று எனக்கும் தெரிகிறது. நடுவர் வேறு மணி அடித்துவிட்டார். பட்டாளத்துத் தாத்தா இங்கே இருந்திருந்தால் அந்த மணிக்கும் தமிழ் சொல்லியிருப்பார்: "இன்னும் ரெண்டு நிமிஷம் பேசிக்கோங்காரு."