உதை குறைந்த ரிவால்வர்: எடையைப் பார்ப்பதா, விசையைப் (ட்ரிக்கரை) பார்ப்பதா?

[திரை: மேசைமேல் மூன்று ரிவால்வர்கள், சிலிண்டர் (தோட்டா நிரப்பும் சுழல் உருளை) திறந்து காலியாக. பக்கத்தில் சமையலறைத் தராசு.]

வணக்கம். தற்காப்புக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள், அதிலும் பெண்களும் வயதானவர்களும், கடையில் முதலில் கேட்பது "உதைக்காத துப்பாக்கி எது?" என்றுதான். உடனே கடைக்காரர் இருப்பதிலேயே சின்னதாக, லேசாக இருப்பதை எடுத்து நீட்டுவார். அதை அப்படியே வாங்கிவிடாதீர்கள். தராசில் லேசாக இருப்பது கையிலும் லேசாக இருக்கும் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறான தேர்வுகள் தொடங்குகின்றன.

குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வரும். எவ்வளவு வேகமாக வரும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கும்: குண்டும் வெடிவாயுவும் சேர்ந்து எவ்வளவு உந்தத்தோடு போகின்றன, துப்பாக்கி எவ்வளவு எடை. நம் நாட்டில் அதிகம் புழங்கும் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டாவின் குண்டு 98 கிரெய்ன், அதாவது சுமார் 6.35 கிராம். மூன்று அங்குலக் குழலிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 210 மீட்டர் வேகத்தில் புறப்படும்.

[திரை: கணக்கு ஒவ்வொரு வரியாகத் தோன்றுகிறது]

700 கிராம் துப்பாக்கியில் இதைச் சுட்டால், துப்பாக்கி நொடிக்குச் சுமார் 2 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். ஆற்றல் ஒன்றரை ஜூல். அதே தோட்டாவை 500 கிராம் துப்பாக்கியில் சுட்டால் வேகம் 3 மீட்டர், ஆற்றல் இரண்டேகால் ஜூல். தோட்டா மாறவில்லை, எடைதான் குறைந்திருக்கிறது, உதை ஒன்றரை மடங்காகிவிட்டது.

இப்போது இன்னும் சிறிய .22 ரிம்ஃபயரை, அதாவது விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் தோட்டாவைப் பார்ப்போம். குண்டு 2.6 கிராம்தான். ஆனால் துப்பாக்கி 250 கிராம் என்றால் அதுவும் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். மொத்த ஆற்றல் கொஞ்சம் குறைவு, ஆனால் அடி சுருக்கென்று விழும். கைப்பிடியில் இரண்டு விரல் மட்டும் பிடிக்க இடமிருந்தால் கட்டைவிரல் அடியில் நன்றாகவே தெரியும்.

ஒப்பீட்டுக்கு .357 மேக்னம்: 700 கிராம் துப்பாக்கியில் சுமார் 15 ஜூல். .32-ஐப் போல ஒன்பது, பத்து மடங்கு. புதிதாகச் சுடப் பழகுபவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆகவே .32 தோட்டா, இரும்பு உடல், 700 கிராம் அளவு எடை. எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ஏன் .38 இல்லை, ஏன் 9 மி.மீ. இல்லை என்று கேட்பீர்கள். போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் அந்த அளவுகள் நம் சட்டத்தில் தடை செய்யப்பட்ட குழல் அளவு (prohibited bore) வகை, சாதாரண லைசென்ஸில் வராது.

[திரை: விசையில் தொங்கும் டிஜிட்டல் தராசு, எண் மெதுவாக ஏறுகிறது]

உதையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். விசையைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் குண்டு இலக்கைத் தவறவிடுவதற்கு உதையைவிட விசைதான் பெரிய காரணம். உதையின் பெரும்பகுதி கையில் தெரிவதற்குள் குண்டு குழலைவிட்டுப் போய்விடும். விசையை இழுப்பதோ குண்டு புறப்படுவதற்கு முன்னாலேயே துப்பாக்கியை அசைத்துவிடும்.

ரிவால்வரில் சுடுவதற்கு இரண்டு வழி. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டு விசையைத் தொட்டால் அது சிங்கிள் ஆக்ஷன். ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தம் போதும். விசையை மட்டும் இழுத்து, அதுவே சிலிண்டரைச் சுழற்றி, சுத்தியலைத் தூக்கி, விடவும் செய்தால் டபுள் ஆக்ஷன். நாலரை முதல் ஐந்தரை கிலோ வரை வேண்டும், சிலவற்றில் இன்னும் கூட. அரைக் கிலோ துப்பாக்கியை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன் விசையில் ஐந்து கிலோ இழுக்க வேண்டும். கஷ்டம் அங்கேதான்.

"சுத்தியலை இழுத்து வைத்துச் சுட்டால் சுலபமாயிற்றே?" சுலபம்தான், பயிற்சி மைதானத்தில். நெஞ்சு படபடக்கும் நேரத்தில் விரல் நடுங்கும். ஒன்றரைக் கிலோ விசை நீங்கள் நினைக்காதபோது விழும். சுடத் தேவையில்லை என்று தெரிந்த பிறகு, இழுத்து வைத்த சுத்தியலை மெல்ல இறக்குவது அதைவிட ஆபத்து. தற்காப்புக்கு என்றால் டபுள் ஆக்ஷனில் மட்டும் பழகுங்கள். அந்த விசையை உங்கள் விரல் தாங்குமா என்று கடையிலேயே சோதியுங்கள்.

.22 வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் இருக்கிறது. அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். அதற்குச் சுத்தியல் பலமாக அடிக்க வேண்டும், வலுவான ஸ்பிரிங் வேண்டும், அதனால் .22 ரிவால்வர் பலவற்றில் டபுள் ஆக்ஷன் விசை .32-ஐவிடக் கடினம். மூட்டுவலி உள்ள கைக்கு .22 நல்லது என்று வாங்கிக்கொடுத்து, பிறகு விசையையே இழுக்க முடியாமல் போவது இதனால்தான். வெடிக்காமல் போகும் தோட்டாவும் ரிம்ஃபயரில்தான் அதிகம்.

[திரை: மூன்று துப்பாக்கிகளும் வரிசையாக]

நம் கைக்கு எட்டுவதில் முக்கியமானவை இவை. கான்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் பழைய .32 ரிவால்வர்: பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வர் பாணி, நடுவில் மடிந்து திறக்கும், 6 தோட்டா. 2014 ஜனவரியில் வந்த நிர்பீக்: டைட்டானியம் கலவை உடல், சுமார் 500 கிராம், அதே .32, அதே 6. 2023 ஆகஸ்டில் அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா நிறுவனம் அறிமுகப்படுத்திய பிரபல்: சுமார் 700 கிராம், 76 மி.மீ. குழல், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். .22 வகையில் இஷாப்பூர் தொழிற்சாலையின் நிடர்: சுமார் 250 கிராம், 8 தோட்டா.

கைப்பைக்குள் தினமும் போகப்போகிறது என்றால் நிர்பீக் சரி. வீட்டில் பெட்டகத்தில் இருக்கப்போகிறது என்றால் 200 கிராம் மிச்சப்படுத்தி என்ன ஆகப்போகிறது? கனமானதையே எடுங்கள். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

[திரை: கடைச் சோதனை. குழல் சுவரைப் பார்த்தபடி]

கடையில் செய்ய வேண்டியது. துப்பாக்கியை ஆளில்லாத திசையில் நீட்டி, திறந்து, சிலிண்டரின் எல்லாத் தோட்டா அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டார் என்பதற்காக நீங்கள் பார்க்காமல் இருக்கக் கூடாது. போலித் தோட்டா ஆறு கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ரிம்ஃபயரை வெற்று அறையில் சொடுக்கினால் அறையின் விளிம்பும் ஊசியும் கெடும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதை, கைப்பிடியின் முதுகில் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே ஏற வேண்டும். கை தாழ்ந்து பிடித்தால் குழல் அதிகமாக மேலே துள்ளும். விரலின் முதல் கணு விசையை வசதியாக எட்ட வேண்டும். எட்டுவதற்காகக் கையைத் திருப்பிப் பிடிக்க நேர்ந்தால் அந்தக் கைப்பிடி உங்களுக்கு ஆகாது. முனைக் குறிமேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, நிறுத்தாமல் மெதுவாக டபுள் ஆக்ஷனில் இழுங்கள். நாணயம் விழாமல் ஒரு முறையாவது முடிய வேண்டும். பிறகு நாணயம் இல்லாமல் தொடர்ந்து 12 முறை. எட்டாவது, ஒன்பதாவதில் இன்னொரு விரலையும் துணைக்குக் கூப்பிடத் தோன்றினால் வேறு துப்பாக்கி பாருங்கள்.

பழைய துப்பாக்கி வாங்குபவர்களுக்கு இன்னும் மூன்று சோதனை. மடிந்து திறக்கும் வகையில், மூடிய பிறகு குழலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். தாழ்ப்பாள் தேய்ந்திருந்தால் லொடலொடவென்று ஆடும், அதை விட்டுவிடுங்கள். அடுத்து, சிலிண்டரை விரலால் லேசாகத் தடுத்தபடி விசையை மிக மெதுவாக இழுங்கள். சுத்தியல் விழுவதற்கு முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாமல் விழுந்தால் அறை குழலோடு நேராக நிற்காது, குண்டு ஓரம் சீவிக்கொண்டு போகும், ஈயத்துகள் பக்கவாட்டில் தெறிக்கும். மூன்றாவது, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி. பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். 0.10 முதல் 0.20 மி.மீ. வரை நல்லது. 0.25 தாண்டினால் வேண்டாம். ஆறு அறைக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

சுத்தியலுக்கும் தோட்டாவுக்கும் நடுவே தடுப்புத் தகடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் சுத்தியலுக்கு நேர் அறையைக் காலியாக விட்டு ஐந்து மட்டும் நிரப்ப வேண்டும். கீழே விழுந்தால் வெடிக்கும் என்பதற்காக.

[திரை: இரண்டு தோட்டா அருகருகே]

தோட்டா விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. .32 என்று இரண்டு வகை உண்டு. ஒன்று ரிவால்வருக்கான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். அடியில் விளிம்பு நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றொன்று பிஸ்டலுக்கான 7.65 மி.மீ.; நீளம் குறைவு, விளிம்பு மெலிது. பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் போய் உட்கார்ந்தும்விடும். சுடக் கூடாது; அதன் அழுத்தம் அதிகம், பழைய ரிவால்வர் தாங்காது. பில்லில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கடையைவிட்டு வெளியே வாருங்கள்.

.32 குண்டின் ஆற்றல் சுமார் 140 ஜூல். 9 மி.மீ. குண்டுக்கு 480-க்குப் பக்கம். ஆக இது வலுவான தோட்டா அல்ல, உருண்டை மூக்கு ஈயக்குண்டு உடலுக்குள் விரியவும் விரியாது. பட்ட இடம்தான் பேசும். உதை குறைந்த துப்பாக்கி வேண்டும் என்று இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணமும் இதுவே: இரண்டாவது குண்டும் மூன்றாவது குண்டும் அதே இடத்துக்குப் போக வேண்டும்.

பயிற்சி, ரைபிள் கிளப் மைதானத்தில் மட்டும். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித்தோப்பில் யாரும் இல்லையே என்று சுடுவது குற்றம். குண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும், தோப்புக்கு அப்பால் யார் இருக்கிறார் என்று தெரியாது. 3, 5, 7 மீட்டர் தூரத்தில் பழகினால் போதும், வீட்டு அறை அவ்வளவுதான். கண்ணாடியும் காதுமூடியும் கட்டாயம். குட்டைக் குழல் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். மற்றக் கையின் கட்டைவிரலைச் சிலிண்டரின் முன்பக்கம் கொண்டுபோகாதீர்கள், அந்த இடைவெளியிலிருந்து வரும் வாயு தோலைக் கிழிக்கும். நாலு உண்மைத் தோட்டாவும் இரண்டு போலித் தோட்டாவும் கலந்து நிரப்பி, எது எங்கே என்று தெரியாமல் சுடுங்கள். போலி வரும்போது குழல் கீழே குத்தினால் நீங்கள் உதைக்குப் பயந்து முன்கூட்டியே அழுத்துகிறீர்கள் என்று பொருள். இந்தப் பயிற்சிபோல உண்மையைச் சொல்வது வேறெதுவும் இல்லை.

சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகையில், வெற்றுத் தோட்டாவை வெளியேற்றும்போது குழலை வானத்தை நோக்கிப் பிடித்து, சிலிண்டரின் முன்னாலுள்ள தண்டை ஒரே அடியாக உள்ளங்கையால் தள்ளுங்கள். படுக்கவைத்து மெதுவாகத் தள்ளினால், எரியாத மருந்துத்தூள், தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் உட்காரும். அடுத்த முறை சிலிண்டர் மூடாது, மூடினாலும் சுழலாது. பழைய பல்துலக்கும் பிரஷ் போதும் அதைத் தட்டிவிட.

[திரை: தேவனாம்பட்டினம் கடற்கரை, பிறகு துருப்பிடித்த சிலிண்டர்]

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கமோ குடியிருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உப்புக்காற்று. தோல் உறையில் வைத்துப் பெட்டகத்தில் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சில வாரத்தில் உறை தொட்ட இடமெல்லாம் செம்புள்ளி விழும். வாரம் ஒரு முறை எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டகத்தில் சிலிகா ஜெல் வையுங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் அடிக்கடி மாற்றுங்கள். அறைகளுக்குள் எண்ணெய் தேங்கக் கூடாது. எண்ணெய் தோட்டாவின் பற்றவைக்கும் மருந்துள்ள அடிமூடிக்குள் ஊறினால் அது வெடிக்காமல் போகலாம். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரே இதில் மோசம். நிரப்பியே வைத்திருக்கும் தோட்டாவை வருடத்துக்கு ஒரு முறை மைதானத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

[திரை: லைசென்ஸ் புத்தகத்தின் ஒரு பக்கம், பெயர் மறைக்கப்பட்டது]

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஏ-1 படிவத்தில் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, பிறகு கலெக்டர் முடிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுக்கு, ஒருவருக்கு அதிகபட்சம் 2 துப்பாக்கி. எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பது லைசென்ஸிலேயே இருக்கும். தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. அதில் 37-ஆவது பிரிவை மட்டுமாவது படித்துவிடுங்கள்: போலீசை அழைக்க நேரமிருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் காயப்படுத்தவும் உரிமை இல்லை.

நம் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் தமிழ்நாடு-புதுச்சேரி எல்லை. லைசென்ஸில் செல்லுபடியாகும் பகுதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தமிழ்நாடு என்று மட்டும் இருந்தால், கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி தாண்டிப் புதுச்சேரிக்குள் கன்னியகோயில் வந்ததுமே உங்கள் கைப்பையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. மருத்துவமனைக்கோ கல்யாணத்துக்கோ போகிறோம் என்ற விளக்கம் எடுபடாது; மதுக்கடத்தலுக்காக வண்டியை நிறுத்திச் சோதிக்கும் சாலை அது. புதுச்சேரி லைசென்ஸ் வைத்திருப்பவர் காரைக்காலுக்குப் போனாலும் அப்படித்தான், நடுவில் கடலூர், மயிலாடுதுறை மாவட்டங்களைக் கடந்தே ஆக வேண்டும். விண்ணப்பிக்கும்போதே இரண்டு பகுதியும் வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். பகுதி சேர்த்துக் கொடுக்கும்வரை அந்தப் பக்கம் போகிற நாளில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும், சாவி வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில்.