இரண்டாவது கதிரை

வணக்கம், அன்பான நேயர்களே.

கிளினிக்கில் என் மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள் இருக்கின்றன. பிள்ளைக்காக வரும் தம்பதியருக்கென்று போட்டவை. பெரும்பாலான நாட்களில் ஒன்றில் மனைவி அமர்ந்திருப்பார். மற்றதில் அவருடைய பை இருக்கும்.

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு நாள் முதல் பஸ்ஸில் ஒரு சகோதரி வந்தார். புடவைக்கடைப் பையைத் திறந்து, நான்கு வருடத் துண்டுகளை மேசையில் அடுக்கினார். ஸ்கான் மூன்று, தைரொயிட் பரிசோதனை இரண்டு, கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே ஒன்று. வற்றாப்பளை அம்மனுக்கு வைத்த நேர்த்தியையும் மடுவுக்கு நடந்துபோனதையும் சொன்னார். எல்லாத் துண்டிலும் அவர் பெயர்தான். "அவருடைய ரிப்போர்ட் எங்கே, அம்மா?" என்று கேட்டேன். "அவருக்கு ஒரு குறையும் இல்லை, டொக்டர்" என்றார். பரிசோதித்தீர்களா என்றால், இல்லை.

அந்த நான்கு வருடத்தை நினைக்க எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. பிள்ளை தங்காத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரில் ஆணின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. ஆனால் சாமத்திய வீட்டில் ஆலாத்தி எடுக்கக் கூப்பிடாமல் ஒதுக்கப்படுவது மனைவி மட்டும்தான். அவருக்குச் சூட்டும் அந்தச் சொல்லை இந்த ஒலிவாங்கியின் முன் சொல்ல எனக்கு மனமில்லை.

விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவைத் தவிர்த்துவிட்டு, ஆய்வுகூடம் தரும் போத்தலில் மாதிரியைக் கொடுக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் அது ஆய்வுகூடத்தை அடைய வேண்டும். முல்லைத்தீவின் உட்கிராமத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தால் நேரம் போய்விடும். ஆகவே வைத்தியசாலையிலேயே தனியறை கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முடிவு குறைவாக வந்தால் ஒரு தடவையோடு தீர்ப்பெழுதுவதில்லை. விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் செல்லும் என்பதால், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கிறோம்.

தம்பிமாரே, ஆண்மை வேறு, விந்தணு எண்ணிக்கை வேறு. உறவில் ஒரு குறையும் இல்லாதவருக்கும் அணுக்கள் குறைவாக இருக்கலாம். பருவ வயதில் வந்த கூகைக்கட்டு விதையைத் தாக்கியிருக்கலாம்; விதைப்பையில் நாளங்கள் புடைத்திருக்கலாம். சிகரெட்டும் கசிப்பும் கெடுக்கும். உடம்பை ஏற்றப் போடும் ஹோர்மோன் ஊசி அணு உற்பத்தியையே நிறுத்திவிடக் கூடும். இவற்றில் பலவற்றைச் சீர்செய்யலாம். அணுவே இல்லை என்று வந்தாலும், பாதை அடைபட்டவர்களுக்கு விதையிலிருந்து நேரே எடுத்துப் பயன்படுத்த வழி இருக்கிறது.

எப்போது வர வேண்டும்? கருத்தடை இல்லாமல் ஒழுங்காகச் சேர்ந்து வாழ்ந்து ஒரு வருடமாகியும் தங்காவிட்டால் வாருங்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். மாதவிடாய் தாறுமாறாக வருகிறதென்றால் காத்திருக்கவே வேண்டாம். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கணவர் கட்டாரிலோ கொழும்பிலோ இருந்து, வருடத்தில் இரண்டு கிழமை வந்து போனால், அது சேர்ந்து வாழ்ந்த வருடமாகாது. முட்டை வெளிவந்து ஒரு நாள்தான் உயிரோடிருக்கும்; விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். மாதத்தில் வாய்ப்புள்ளவை ஆறு நாட்களே. மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால், 28 நாள் சுற்றுள்ளவருக்கு முட்டை 14ஆம் நாளை அண்டி வெளிவரும். 35 நாள் சுற்றென்றால் 21ஆம் நாளை அண்டி. விடுமுறையை அதற்கேற்ப எடுக்கலாமே. வீட்டிலிருப்பவர்கள் நாள் எண்ணி மனம் புழுங்க வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை சேர்ந்தால் போதும்.

பெண்களில் நாம் அதிகம் காண்பது முட்டை ஒழுங்காக வெளிவராமை. உடற்பருமன் இருந்தால் எடையில் நூற்றுக்கு ஐந்து, பத்து பங்கு குறைத்தாலே சிலருக்கு மாதவிடாய் சீராகிவிடுகிறது. மற்றவர்களுக்கு முட்டை வெளிவரச் செய்ய, மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஐந்து நாள் மாத்திரை கொடுக்கிறோம். சோதனைக்குழாய் முறைக்கு இலட்சக்கணக்கில் செலவாகும். பலருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடிப்படைச் சோதனைகள் முடியுமுன் காணியை ஈடு வைத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

அந்தச் சகோதரி மூன்றாவது முறை வந்தபோது கணவரும் கூட வந்தார். அவருடைய குனிந்த தலை நிமிரவில்லை. பரிசோதனையில் அணுக்கள் குறைவாக இருந்தன. நான் துண்டை நீட்டியபோது மனைவிதான் முதலில் கை நீட்டி வாங்கினார். வாங்கி, மடித்து, தன்னுடைய துண்டுகளோடு அதே பைக்குள் வைத்துக்கொண்டார். சிகிச்சை தொடர்கிறது.

உங்கள் கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால், எந்தக் கிளினிக், எந்த நாள் என்று வழிகாட்டுவார். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதே அவரிடம் கேட்டுத் தொடங்குங்கள். பழைய துண்டுகளை எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்ளலாம். மற்றக் கதிரை உங்கள் கணவருக்கு.