கடலுக்கடியிலும் பட்டை உண்டு

வணக்கம் நேயர்களே. எங்கள் ஊர் மலேசியாவின் ஜொகூரில் உள்ள கஹாங். எந்தப் பக்கம் திரும்பினாலும் எண்ணெய் தரும் செம்பனைதான். மெர்சிங் கடற்கரை ஒரு மணி நேரப் பயணம். ஆனால் கடலுக்குப் போனால் பாய் விரித்து, கட்டுச்சோறு சாப்பிட்டுத் திரும்புவதோடு நம்மில் பலருக்குச் சரி. தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்ததில்லை. இந்தக் குறை எனக்கு வெகுநாளாக உண்டு.

அதனால்தான் 14 பேரைத் திரட்டித் தியோமான் தீவுக்குக் கூட்டிப்போனேன். மெர்சிங் ஆற்றுமுகத்தில் தண்ணீர் வற்றினால் ஃபெர்ரி நகராது. விடியுமுன்பே பசியாறிவிட்டு வேன் ஏறினோம். நான்கு பேர் காற்றுச் சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்கினார்கள். மற்றவர்களுக்கு ஸ்நோர்க்கல், அதாவது மூச்சுக்குழாய் வைத்து மேலே மிதந்தபடி பார்ப்பது.

என் அம்மாவும் வந்தார். வயது 68. முப்பது வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர், நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டி, மாஸ்க் மாட்டிவிட்டேன். ஒரு முடி உள்ளே சிக்கினாலும் தண்ணீர் கசியும். நெற்றி முடியை மூன்று தடவை ஒதுக்கிவிட வேண்டியிருந்தது.

முகத்தைக் கவிழ்த்தவர் வெகுநேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்ததும், "தம்பி, அடியில எதையோ கறுக் கறுக்குன்னு கொறிக்கிற சத்தம் கேக்குதுடா" என்றார். கிளிமீன்! அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசி தின்னும். உள்ளே போன சுண்ணாம்பு அரைபட்டு மணலாய் வெளியே வரும்.

பவளப்பாறையும் உயிர்தான், மேலே மெல்லிய தோல்போல உயிர், உள்ளே வெறும் சுண்ணாம்பு என்று சொன்னேன். அம்மா சட்டென்று, "அப்ப பால்மரத்துப் பட்டை மாதிரிதானே? கத்தி கட்டையில பட்டா மரம் புண்ணாயிடும்ல" என்றார். எத்தனையோ பேருக்கு நான் பாடாய்ப் பட்டு விளக்கியது அவருக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது. அதன்பிறகு, களைத்துப்போய்ப் பவளத்தின்மேல் நிற்க இடம் தேடிய பிள்ளைகளை அவரே அதட்டினார்: "காலை ஊணாதே, மிதந்துக்கிட்டே இரு!"

நானும் அதையேதான் சொல்கிறேன், நேயர்களே. காலை ஊன்றாதீர்கள். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளரும். சோற்றுப்பானை உயரப் பவளத்துக்கு என் வயது இருக்கும். 2010-ல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, தியோமானில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை மூடியே வைத்தார்கள்.

ஆமைகளைப் பற்றியும் பேச நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. இரண்டே விஷயம். சிலிண்டரோடு இறங்குகிறவர்கள் மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது, நுரையீரல் கிழிந்துவிடும். வெயிலுக்குக் களிம்பைவிட நீண்ட கைச்சட்டை மேல். நவம்பரில் பருவமழை தொடங்கிவிடும், அதற்குள் போய்வாருங்கள். வணக்கம்.