கயிறு கேட்ட அண்ணனுக்கு

நடுவர் ஐயாவுக்கும் முன்னாடி உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு தெரியும் உங்களுக்கு, பாலியல் குற்றத்தைத் தடுக்கிறது கடுமையான தண்டனையா, உறுதியான விசாரணையா. நான் விசாரணை பக்கம்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அண்ணன் ஒண்ணு சொன்னார். "நாங்க கயிறு கேக்குறோம், அவங்க காகிதம் நீட்டுறாங்க." எல்லாரும் கை தட்டினீங்க. நான் எழுதிட்டு வந்ததை மடிச்சு வெச்சுட்டேன் ஐயா, அந்தக் கயித்தைப் பத்திதான் பேசப் போறேன்.

அண்ணே, கயிறு ஏற்கனவே இருக்கு. 2019-லயே, புள்ளைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்குற போக்சோ சட்டத்தைத் திருத்தி ஆறாவது பிரிவுல மரண தண்டனை வரைக்கும் போட்டாச்சு, அதுல கொறஞ்ச தண்டனையே 20 வருசம். அந்தக் கயிறு ஒரு வீட்டுக்குள்ள என்ன பண்ணுச்சுன்னு நான் கண்ணால பாத்தேன்.

எனக்குத் தெரிஞ்ச வீடு. பேரும் சொல்ல மாட்டேன் ஊரும் சொல்ல மாட்டேன், பாதிக்கப்பட்டவங்க அடையாளத்தை வெளிய விட்டா அதுவே குற்றம். பத்தாவது படிக்கிற பொண்ணு. பண்ணினவன் சொந்தக்காரன், மாமா மாமான்னு அது கூப்பிட்ட ஆளு. ராத்திரி அம்மாகிட்ட சொல்லிடுச்சு. பாட்டி தலையில அடிச்சுக்கிட்டு, "வெளிய சொன்னா அவனைத் தூக்குல போட்டுருவாங்களாம்டி, டிவியில சொன்னாங்க, அவனுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குடி"ங்குது. விடியுறதுக்குள்ள அந்தம்மா பொண்ணோட சுடிதாரை சோப்புப் போட்டு அடிச்சுத் துவைச்சு மாடிக் கொடியில காயப் போட்டுட்டாங்க.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டப்ப நான் போய் நின்னது அந்தக் கொடிக்குக் கீழதான். மஞ்சக் கலர் சுடிதார். காத்துல பறந்துடக் கூடாதுன்னு ரெண்டு கிளிப்பு. "அக்கா நான் தப்புப் பண்ணிட்டேனா"ன்னு அந்தம்மா கேக்குறாங்க, சோப்புல ஊறுன கை இன்னும் வெள்ளையா இருக்கு.

திரும்பச் சொல்றேன் அண்ணே, நல்லா கேட்டுக்கோங்க. நீங்க கேக்குற அந்தத் தூக்குக் கயிறு இருக்கே, அதுக்குப் பயந்துதான் கேஸோட முதல் தடயம் துணிக் கயித்துல தொங்குச்சு. தூக்குக் கயிறு தொட்டது அவனை இல்ல, அந்தச் சுடிதாரைத்தான்.

காகிதம்னு கிண்டல் பண்ணீங்களே, அந்தத் துணியைத் துவைக்காம, ஈரமிருந்தா நிழல்ல காயவெச்சு, காகிதக் கவர்ல போட்டு சீல் வெக்கணும். பிளாஸ்டிக் கவர்ல போட்டா புழுங்கிக் கெட்டுப் போயிடும். இதை அந்தம்மாவுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? தூக்குத் தண்டனை இருக்குன்னு டிவி சொல்லிச்சு, துணியைத் துவைக்காதேன்னு யாரும் சொல்லலையே ஐயா! எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும், தனியாரா இருந்தாலும், உடனே இலவசமா வைத்தியம் பாக்கணும், அதுவும் சட்டம்தான். பாதிக்கப்பட்ட பொண்ணோட உடம்புக்குள்ள விரலை விட்டுப் பாக்குற ரெண்டு விரல் சோதனை பண்ணக் கூடாதுன்னு 2013-லயே சுப்ரீம் கோர்ட் கண்டிச்சது, 2022-ல பண்ற டாக்டர் மேல நடவடிக்கைன்னு திரும்பவும் சொல்ல வேண்டி வந்துச்சு. சட்டம் ஒரு தடவை சொன்னா பத்தலை, பாத்துக்கோங்க.

அப்ப துணி போச்சுன்னா கேஸ் போச்சா? போகலை. பாதிக்கப்பட்டவ சாட்சி நம்பும்படியா இருந்தா அது ஒண்ணே போதும், வேற ஆதாரம் கேட்டு அவளை அலைய விடாதேன்னு 1996-லயே குர்மீத் சிங் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா அவ கடைசி வரைக்கும் நிக்கணுமே. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கை வருசா வருசம் பாருங்க, பத்துக் கேஸுல ஒன்பதுக்கு மேல, பண்ணினவன் தெரிஞ்சவன்தான். மாமன், பக்கத்து வீட்டுக்காரன், வாத்தியார். சோறு போடுற வீட்டுல இருந்தே "விட்டுரும்மா, உசுரு போயிடும்"னு கேட்டா எந்தப் பொண்ணு நிப்பா?

நின்னா என்ன ஆகும்னு பொள்ளாச்சி பாலியல் கேஸைப் பாருங்க. 2019-ல வெளிய வந்துச்சு, 2025 மே 13 அன்னிக்கு கோயம்புத்தூர் மகளிர் கோர்ட்டுல ஒன்பது பேருக்கும் சாகுற வரைக்கும் ஜெயில். ஒரு சாட்சி கூடப் பிறழலை. போன்ல இருந்து எடுத்த ஆதாரமும் நின்னுச்சு. எல்லாம் காகிதம்தான் அண்ணே.

தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி கிராமத்தை மறந்துட்டீங்களா? 1992 ஜூன் 20. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானது 18 பொண்ணுங்க. குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேர், எல்லாரும் அரசாங்கத்துச் சம்பளம் வாங்கினவங்க. தீர்ப்பு வந்தது 2011-ல. 19 வருசம்! அதுக்குள்ள 54 பேர் செத்துப் போயிட்டாங்க, மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. அந்த 54 பேரை எந்தக் கயித்தால கட்டுவீங்க?

மணி அடிச்சுட்டீங்க ஐயா, ஒரே நிமிசம்.

அந்த மஞ்சச் சுடிதார் பொண்ணுக்காக அன்னிக்கே புகார் கொடுத்தோம். வாக்குமூலம் எடுக்க லேடி எஸ்.ஐ. யூனிஃபார்ம் இல்லாம சேலை கட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்தாங்க, அந்தப் பொண்ணு பயப்படாம பேசுச்சு, அது விசாரணை. ஒரு வருசத்துக்குள்ள முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்ற கேஸ் இழுத்துக்கிட்டே போய், ஒரு நாள் சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போனோம். வெளிய பெஞ்சுல அந்தம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல அது. துணி எங்கன்னு கேப்பாங்கன்னு அதுக்குத் தெரியும். அம்மா தண்ணி பாட்டில் வாங்க எந்திரிச்சுப் போனதும் என் காதுகிட்ட வந்து கேட்டுச்சு, "ஆன்ட்டி, நானே துவைச்சேன்னு சொல்லிடட்டுமா? அம்மா பாவம்."

உள்ளதைச் சொல்லு கண்ணுன்னு மட்டும்தான் ஐயா என்னால சொல்ல முடிஞ்சுது. அம்மா பாட்டிலோட திரும்பி வந்தாங்க. அது மூடியைத் திறந்து முதல்ல அவங்களுக்குத்தான் கொடுத்துச்சு.