பெயரை மறைத்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம். 'பெயர் சொல்ல விரும்பாத ஊழியர் ஒருவர் கூறினார்' என்ற வரியைச் செய்தித்தாளில் அடிக்கடி பார்க்கிறோம். நம் திருநெல்வேலிச் சீமையில் அந்த வரி சும்மா வருவதில்லை. தாமிரபரணிக் கரையில், முறப்பநாட்டில், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலரை 2023 ஏப்ரலில் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அரசு ஊழியருக்கே அந்தக் கதி என்றால், குவாரியில் கூலிக்கு நிற்பவர் எதை நம்பி வாய் திறப்பார்? பெயரை மறைக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் எப்படி மறைக்கிறோம்? ஒரு செய்தி இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: 'ராதாபுரம் பக்கத்துக் குவாரியில் எட்டு வருஷமாக லாரி ஓட்டும், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பனார் ஒருவர்...' பெயர் இல்லை, சரி. அந்த ஊர் டீக்கடையில் பேப்பரைப் பிரித்தவர் ஒரு வாய் டீ குடிப்பதற்குள், 'இது நம்ம இன்னார்லா' என்று சொல்லிவிடுவார். தெரு, தொழில், பிள்ளைகள், பேச்சு வழக்கு என்று எல்லாமே இங்கே ஆளைக் காட்டிக்கொடுக்கும். செய்திக்கு உயிர் வரட்டும் என்று நிருபர் சேர்க்கிற சின்னத் தகவல்தான் அந்த மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது. அதை வெட்டுங்கள். செய்தி சப்பென்று ஆனால் ஆகட்டும்.

அப்புறம், ஆளை மறைத்தால் சரிபார்க்கும் வேலை கூடுகிறது. ஒரே நடைச்சீட்டில், அதாவது லாரியில் கல் ஏற்றிப் போக அரசு தரும் அனுமதிச் சீட்டில், இரண்டு லோடு போகிறது என்று டிரைவர் சொன்னால், சீட்டின் நம்பர், தேதி, நேரம் வேண்டும். எடைமேடை ரசீது வேண்டும். முதல் ஆளிடம் கேள்விப்படாத இன்னொருவரும் அதையே சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதே மூன்று வாய் மாறி வந்தால் அது மூன்று சாட்சி ஆகாது. குவாரிக்காரரிடமும் கனிமவளத் துறையிடமும் பதில் கேட்க வேண்டும். ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவன் என்று வாஷிங்டன் போஸ்ட் நிருபர் ஜேனட் குக் எழுதிய செய்திக்கு 1981-ல் புலிட்சர் பரிசே கிடைத்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை. அவன் யாரென்று ஆசிரியர்கள் அழுத்திக் கேட்கவே இல்லை. பரிசு திரும்பிப் போனது.

பெயர் போடாமல் இன்னொருவரை ஏசுகிறவருக்கு மட்டும் இடம் தரவே கூடாது.

சட்டம் பாதி தூரம்தான் துணைக்கு வருகிறது. 1978-ஆம் ஆண்டு பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, தகவல் தந்தவர் யாரென்று சொல்ல, பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் அந்தக் கவுன்சில் நிருபரைக் கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்றம் கேட்டால் நிருபருக்கு அந்தச் சலுகை இல்லை. 2021-ல், போன்களை வேவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், தகவல் தருபவரைக் காப்பது பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அடிப்படை என்றது, பெரிய ஆறுதல். இருந்தாலும், 'உங்க பேரு எந்தக் காலத்திலும் வராது' என்று வாக்குக் கொடுக்கும் நிருபர், இந்த நிலைமையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உங்களில் யார் கையிலாவது அப்படி ஒரு நடைச்சீட்டு இருந்தால், கொடுக்கும் முன் நிருபரிடம் கேளுங்கள்: ஆசிரியரைத் தவிர யாருக்கு என் பெயர் தெரியும்? உங்கள் போனில் என் நம்பரை எந்தப் பெயரில் வைத்திருக்கிறீர்கள்? என்னைப் பற்றிய வரியை அச்சுக்கு முன் வாசித்துக் காட்டுவீர்களா? அந்த வரியில் உங்கள் அடையாளம் தெரிந்தால், தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். வணக்கம்.