முதுகில் காற்று, பக்கத்தில் ஆறு: லுவார் கரையோரம் கூட்டமாக ஒரு சைக்கிள் பயணம்

[காட்சி: ஆற்றங்கரைப் பாதை. வரிசையாக ஏழெட்டு சைக்கிள்கள்.]

வணக்கம். நண்பர்களோ சொந்தக்காரர்களோ ஏழெட்டுப் பேர் சேர்ந்து பிரான்ஸின் கிராமப்புறத்தை சைக்கிளில் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், நான் கைகாட்டுவது லுவார் ஆற்றங்கரையைத்தான். பிரான்ஸின் மிக நீளமான ஆறு இது. 1,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. அதை ஒட்டி சுமார் 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை இருக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 என்ற நெடுந்தூர சைக்கிள் பாதையும் இந்தக் கரை வழியாகத்தான் வருகிறது. நீலப் பலகையில் 6 என்ற எண் கண்ணில் பட்டால் வழி தவறவில்லை என்று அர்த்தம்.

900 கிலோமீட்டரும் நமக்கு வேண்டாம். சோமூர் ஊரில் ஆரம்பித்து தூர், அம்புவாஸ், புளுவா வழியாக ஷம்போர் அரண்மனையில் முடிக்கலாம். 200 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: வரைபடம். மேற்கிலிருந்து கிழக்கே நகரும் அம்புக்குறி.]

ஆறு மேற்கே ஓடுகிறது, நாம் ஏன் கிழக்கே போக வேண்டும்? ஆற்றின் சரிவு காலுக்குத் தெரியவே தெரியாது. காற்றுதான் தெரியும். இங்கே பெரும்பாலும் கடல் பக்கமிருந்து மேற்குக் காற்று வீசும். ரயில் வருவதற்கு முன்னால், தட்டையான அடிப்பாகம் கொண்ட சரக்குப் படகுகள் இந்தக் காற்றுக்குப் பாய் விரித்துத்தான் நீரோட்டத்தை எதிர்த்து மேலே போயின. அதே காற்று நம் முதுகையும் தள்ளிக்கொடுக்கும்.

தினமும் அப்படி அமையாது. எதிர்க்காற்று அடிக்கும் நாளில்தான் கூட்டம் சிதறும். பலமாக மிதிப்பவர் முன்னே போகட்டும். மெதுவாக வருபவரை அவருக்கு நேர் பின்னால் விடுங்கள், எதிர்க்காற்று அவர்மேல் குறைவாகத்தான் படும். கடைசியில் வருபவரிடம் பம்பும் பஞ்சர் சாமானும் இருக்கட்டும். திருப்பம் வந்தால் முன்னால் போகிறவர் நின்று, கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகே திரும்ப வேண்டும். பிரான்ஸ் சட்டப்படி இரண்டு பேருக்கு மேல் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டக் கூடாது. பின்னால் கார் முந்த வந்தால் ஒற்றை வரிசைக்கு மாறிவிட வேண்டும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம்.

இன்னொன்று. இதை யாரும் கவனிப்பதில்லை. முன்னால் போனவர்கள் மர நிழலில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பார்கள். பின்தங்கியவர் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்ததும், "சரி, கிளம்பலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே இல்லை! இரண்டு நாள் இப்படிப் போனால் மூன்றாம் நாள் அவர் ரயிலில் வருகிறேன் என்பார். அவர் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, தானாக எழுந்திருக்கும் வரை யாரும் சைக்கிளைத் தொடாதீர்கள்.

[காட்சி: வெண்மையான பாறைச் சரிவு. பாறைக்குள் கதவும் ஜன்னலும்.]

சோமூர் தாண்டியதும் வேகத்தைக் குறையுங்கள். இடையிடையே பாறைக்கே கதவு வைத்தது போல வீடுகள் தெரியும். இந்தப் பாறையின் பெயர் துஃபோ. வெளுத்த, மென்மையான சுண்ணாம்புக் கல். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். இந்தப் பக்கத்துக் கோட்டைகளும் தேவாலயங்களும் பெரும்பாலும் இந்தக் கல்லால் கட்டியவை. கல்லை வெட்டி எடுத்த பள்ளங்கள் குகைகளாக மிஞ்சின. சிலவற்றில் ஆட்கள் குடியேறினார்கள், சிலவற்றில் திராட்சை மதுவைச் சேமித்து வைத்தார்கள், காளான்கூட வளர்த்தார்கள். ஆற்றோரத்தில் நிமிர்ந்து நிற்கும் கோட்டையையும் அதற்குக் கல் கொடுத்த குகையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

[காட்சி: கிராமத்து ரொட்டிக் கடை. கதவு மூடியிருக்கிறது.]

சாப்பாட்டில் ஏமாந்துவிடாதீர்கள். சின்ன ஊர்களில் மதியம் 12 மணி முதல் 2 மணி வரை கடைகள் பலவும் பூட்டியிருக்கும். உணவகங்களோ 2 மணிக்கு மேல் அடுப்பை அணைத்துவிடும். திங்கள்கிழமை இன்னும் மோசம். காலையிலேயே ரொட்டியும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே சான்த்-மோர் என்ற ஆட்டுப்பால் சீஸ். நீளமான உருளை, மேலே சாம்பல் பூச்சு, நடுவில் நீளவாக்கில் ஒரு வைக்கோல் தண்டு. தண்டை உருவிவிட்டு வெட்டினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும்.

பெரிய பைகளை ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை உண்டு. பணம் கொடுத்தாவது அதை எடுத்துக்கொள்ளுங்கள், முதுகு வாழ்த்தும்.

[காட்சி: ஷம்போர் அரண்மனை. கோபுரங்கள்.]

ஆறாம் நாள், ஷம்போர். மன்னர் முதலாம் பிரான்சுவா 1519-இல் கட்டத் தொடங்கியது. லியோனார்டோ டா வின்சி அம்புவாஸில் காலமானதும் அதே ஆண்டு, மே மாதத்தில். இங்குள்ள படிக்கட்டில் அவருடைய யோசனை இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு மேலே போகும் இரண்டு படிக்கட்டுகள் அவை. கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் ஏறுங்கள். நடுவிலுள்ள திறப்புகள் வழியாக எதிர்ப்படியில் ஏறுகிறவரின் முகம் தெரியும், கூப்பிட்டால் கேட்கும், ஆனால் படியில் எதிர்ப்பட முடியாது. எல்லோரும் ஒன்றுசேர்வது மேலே, மொட்டைமாடியில்தான்.