புரட்டப் புரட்ட உறையும் படிகம்: ஃபெரோஎலக்ட்ரிக் நினைவகம் எப்படித் தேய்கிறது?

[திரை: ஒரு சில்லின் குறுக்குவெட்டு. இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மெல்லிய படலம்]

வணக்கம். கரண்ட் போனாலும் எழுதியதை மறக்காத சில்லு ஒன்று இருக்கிறது. பெயர் எஃப்ரேம். இதன் உள்ளே இருப்பது லெட் சிர்கோனேட் டைட்டனேட், சுருக்கமாக பிஇசட்டி. இந்தப் படிகத்தின் ஒவ்வொரு கூடும், அதாவது திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் மிகச் சிறிய அலகும், சுமார் 0.4 நானோமீட்டர்தான். கூட்டின் நடுவில் இருக்கும் டைட்டானியம் அல்லது சிர்கோனியம் அயனி சரியாக மையத்தில் நிற்பதில்லை, கொஞ்சம் மேலே அல்லது கீழே தள்ளி நிற்கும். மேலே என்றால் 1, கீழே என்றால் 0. வோல்ட்டேஜ் கொடுத்தால் இடம் மாறும், எடுத்துவிட்டால் அங்கேயே நிற்கும். இந்த இடமாற்றம்தான் புரட்டல், இப்படி நடக்கும் பொருள்தான் ஃபெரோஎலக்ட்ரிக்.

ஒரு சிக்கல். எழுதியதைப் படிக்க வேண்டுமென்றாலும் வோல்ட்டேஜ் கொடுத்துப் புரட்டித்தான் பார்க்க வேண்டும். புரண்டுவிட்டால் மறுபடி பழைய நிலைக்கு எழுதி வைக்க வேண்டும். ஆக, வெறுமனே படித்தாலே தேய்மானம்தான்.

[திரை: புரட்டல் எண்ணிக்கை ஏற ஏற, சரியும் வரைகோடு]

1990களில் பிளாட்டினம் மின்முனை (படலத்தின் இருபுறமும் உள்ள உலோகத் தகடு) போட்ட பிஇசட்டி படலங்கள் 10 லட்சம் முதல் 10 கோடி புரட்டல்களுக்குள் சரிய ஆரம்பித்தன, அதாவது புரட்டும்போது கிடைக்கும் மின்னூட்டம் குறைய ஆரம்பித்தது. கேட்கப் பெரிய எண் போல இருக்கும். விநாடிக்கு 10 லட்சம் தடவை படித்தால் 10 கோடி என்பது 100 விநாடிதான்.

சரி, சரிவது என்றால் என்ன? தெரு முழுக்க விளக்குகள் ஒன்றாக மங்குகின்றனவா, அல்லது சில விளக்குகள் மட்டும் அணைந்து மற்றவை பளிச்சென்று எரிகின்றனவா? மொத்த மின்னூட்டத்தை அளந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள இபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியை வைத்துப் படலத்தை இடம் இடமாகத் தடவிப் பார்த்தார்கள். வோல்ட்டேஜுக்கு ஏற்ப இந்தப் பொருள் லேசாக விரிந்து சுருங்கும். அந்த அசைவை வைத்தே எந்தப் பகுதி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லிவிடலாம். 1998இல் வந்த விடை: அணைந்த விளக்குகள். சில பகுதிகள் அப்படியே உறைந்து கிடந்தன, மீதிப் பகுதிகள் வழக்கம்போலப் புரண்டன.

[திரை: மின்முனை ஓரத்தில் கூடும் சிவப்புப் புள்ளிகள்]

உறையவைப்பது யார்? முதல் சந்தேகம் ஆக்சிஜன் காலியிடங்கள் மேல். ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடம் வெறுமையாகிவிட்டால், அந்த ஓட்டை நேர்மின்னூட்டம் கொண்டதுபோல நடந்துகொள்ளும், மின்புலம் இழுக்கும் பக்கம் நகரும். நகர்ந்து மின்முனையின் ஓரத்தில் சேர்ந்துவிடும். அப்புறம் என்ன நடக்கிறது என்பதில் இரண்டு கட்சி. மேல்நோக்கிய பகுதிக்கும் கீழ்நோக்கிய பகுதிக்கும் இடையிலான சுவரை அவை பிடித்து நிறுத்துகின்றன என்கிறது ஒன்று. புரட்டலுக்கான விதையே மின்முனை ஓரத்தில்தான் முளைக்கிறது, அங்கே சேரும் மின்னூட்டம் அந்த விதையை முளைக்க விடுவதில்லை என்கிறது மற்றொன்று. பகுதி பகுதியாக உறைவதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிறது.

இரண்டு கட்சியும் ஓரத்தைக் கைகாட்டுவதற்குக் காரணம் உண்டு. அதே பிஇசட்டிக்கு பிளாட்டினத்தை எடுத்துவிட்டு இரிடியம் ஆக்சைடு, ருத்தேனியம் ஆக்சைடு போன்ற மின்முனை போட்டால் சரிவு பெருமளவு நின்றுவிடுகிறது! அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் இப்படிச் சரிந்த படலத்துக்குப் புற ஊதா ஒளியும் வோல்ட்டேஜும் சேர்த்துக் கொடுத்தபோது, இழந்த முனைவாக்கத்தில் (புரளும் மின்னூட்டத்தில்) பெரும்பகுதி திரும்பி வந்தது. படிகம் உடையவில்லை, சிக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. ஆங்கிலத்தைப் பின்பற்றி இதைச் 'சோர்வு' என்று எல்லோரும் சொல்கிறோம், எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இன்று கடையில் விற்கும் எஃப்ரேம் சில்லுகளின் தரவுத்தாளில் 1 கோடி கோடி புரட்டல் வரை எழுதியிருக்கிறார்கள்.

[திரை: 10 நானோமீட்டர் படலம், பிஇசட்டி படலத்தின் பக்கத்தில்]

அத்தோடு கதை முடிந்திருக்கும். 2011இல் ஹாஃப்னியம் ஆக்சைடு வந்தது. சில்லுத் தொழிற்சாலைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான பொருள். சிலிக்கான் கொஞ்சம் கலந்தால் 10 நானோமீட்டர் தடிமனிலேயே இதுவும் ஃபெரோஎலக்ட்ரிக். ஆனால் புரட்ட சென்டிமீட்டருக்குச் சுமார் 10 லட்சம் வோல்ட் புலம் வேண்டும். காற்றில் மின்பொறி பறக்க 30,000 போதும்!

இதன் நடத்தையும் விநோதம். முதல் சில ஆயிரம் புரட்டல்களில் தேய்வதற்குப் பதிலாக நன்றாகிறது. ஓரத்தில் குவிந்திருந்த காலியிடங்கள் பரவுகின்றன, ஃபெரோஎலக்ட்ரிக் அல்லாத சில படிகத் துகள்கள் உரிய வடிவத்துக்கு மாறுகின்றன. பிறகுதான் சரிவு. டைட்டானியம் நைட்ரைடு மின்முனை படலத்திலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சிப் புதிய காலியிடங்களை உண்டாக்குகிறது. பல சமயம் முழுதாக உறையும் முன்பே காலியிடங்கள் வரிசைகட்டி மின்கசிவுப் பாதை போட்டுவிடும். அப்புறம் ஷார்ட்தான், புற ஊதா ஒளி காட்டியெல்லாம் மீட்க முடியாது.

இதே பொருளை டிரான்சிஸ்டரின் கேட்டில் (கரண்ட்டைத் திறந்து மூடும் முனையில்) வைத்தால் நிலைமை இன்னும் மோசம். சிலிக்கானுக்கும் ஹாஃப்னியம் ஆக்சைடுக்கும் நடுவில் 1 நானோமீட்டர் அளவில் சிலிக்கான் ஆக்சைடு தானாகவே உருவாகிவிடும். புலத்தின் பெரும்பங்கு அதன் தலையில்தான் விழும். அங்கே எலக்ட்ரான்கள் சிக்கிக்கொள்ள, 1 லட்சம் புரட்டல் அளவிலேயே 1க்கும் 0க்கும் உள்ள இடைவெளி மூடிக்கொள்வது சாதாரணம். ஃபெரோஎலக்ட்ரிக் படலம் அப்போதும் நன்றாகவே புரண்டுகொண்டிருக்கும்.